போஞ்சி வேகாத வீடு

அடுப்பில் போஞ்சி விதை வெந்துகொண்டிருந்தது என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. அது வேகவில்லை. காலையில் நான் முகம் கழுவப் போகும்போது கொதித்துக்கொண்டிருந்த சட்டி, ஒரு வாளித் துணியைத் துவைத்துக் காயப்போட்டு, மழை வந்து, அத்தனையையும் மறுபடி அள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவந்தபோதும் அப்படியே கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியால் ஒரு விதையை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே வைத்து நசுக்கிப் பார்த்தேன். விரல்தான் சுட்டது. விதை வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் அடித்து விழுந்தது.

“இன்னுங் கொஞ்சந்தான். இந்தா வெந்துரும்,” என்றார் என் வீட்டுக்காரர்.

அன்று காலையிலிருந்து அவர் சொன்ன ஒரே வசனம் அதுதான். எத்தனை தடவை சொன்னார் என்று நான் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் அந்தக் கரண்டியாலேயே ஏதாவது செய்திருப்பேன்.

அவர் கத்தாரில் ஒரு பெரிய ஓட்டலின் சமையலறையில் ஏழு வருடம் இருந்தவர். சட்டி கழுவத்தான் போனார். பிறகு வெங்காயம் வெட்டவிட்டார்கள். அதற்குப் பிறகு மெக்சிக்கோ நாட்டுச் சாப்பாடு செய்கிற பக்கத்தில் நிறுத்தினார்கள். அங்கே கற்றுக்கொண்டு வந்ததுதான் இந்த ரீஃப்ரைட் பீன்ஸ். வெந்த போஞ்சி விதையை வெங்காயம், பூண்டோடு எண்ணெயில் வதக்கி, மசித்து, மறுபடியும் வதக்க வேண்டும். மெல்லிய ரொட்டியில் வைத்துச் சுருட்டிக் கொடுத்தால் வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடுவார்களாம். இரண்டாம் தடவை வறுத்தது என்பதுதான் அந்தப் பெயருக்கே அர்த்தமாம். எங்கள் வீட்டில் அது முதல் தடவையே வேகவில்லை.

இதற்கு ஏன் இவ்வளவு பல்லைக் கடிக்க வேண்டும், தூக்கிக் கொட்டிவிட்டுப் பருப்பும் சோறும் ஆக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். விஷயம் இருக்கிறது. லீவில் வந்தவர் மாதக் கடைசியில் திரும்பிப் போக வேண்டும். போனால் இன்னும் இரண்டு வருடத்துக்கு வர முடியாது. ஏஜென்சிக்காரன் போன்மேல் போன் போட்டு “என்ன முடிவு?” என்று கேட்டுக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில்தான் ஹட்டன் பஜாரில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் இவர் பேச்சுவாக்கில் தன் கத்தார் கதையைச் சொல்லியிருக்கிறார். அந்த முதலாளி நானுஓயா ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு விடுதியும் நடத்துகிறார். ரயிலில் வந்து இறங்குகிற வெள்ளைக்காரப் பிள்ளைகளில் பாதிப் பேர் இறைச்சி தொடாதவர்கள். மூன்று வேளையும் சோறு கறி தின்று அலுத்துப்போய் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார்களாம். ஒருநாள் தோட்டத்துப் பக்கம் வரும்போது வீட்டுக்கே வருகிறேன், செய்து காட்டுங்கள், பிடித்தால் விடுதியில் வேலை என்று அவர் சொல்லிவிட்டார். சட்டி கொதித்த அந்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு என்று நாளும் குறித்தாயிற்று.

ஆக, போஞ்சி வெந்தால் அவர் இங்கே இருப்பார். வேகாவிட்டால் கத்தார். எனக்கு அவர் போகக் கூடாது. பிள்ளைகள் இரண்டும் ஹட்டனில் என் அக்கா வீட்டில் தங்கிப் படிக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளுக்கு நடுவே, எங்கள் இரண்டு காம்பரா அறையிலும் ஏழு வருடமாக நான் ஒருத்திதான். இதை அவரிடம் வாய்விட்டுச் சொன்னேனா என்றால் இல்லை. நாங்கள் அப்படியெல்லாம் பேசிப் பழகியவர்கள் இல்லை. எனக்கு வருவது கோபம்தான். அதில் மட்டும் நான் குறை வைத்ததில்லை.

அவர் வந்த மறுநாளே என் குசினி என் கையைவிட்டுப் போய்விட்டது. மிளகாய்த்தூள் போத்தல் இருந்த இடத்தில் உப்பு, உப்பு இருந்த இடத்தில் ஒரு மடித்த துணி. மரக்கறி வெட்ட ஒரு கத்தி, வெங்காயம் வெட்ட ஒரு கத்தி. ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் கை கழுவ வேண்டும், பின்னாலும் கழுவ வேண்டும். அந்தத் தண்ணீரை வெளியே பொதுப் பீலிக் குழாயிலிருந்து சுமந்து வருகிறவள் நான். “அங்கயெல்லாம் இப்பிடி வெக்க மாட்டாங்க, அங்கயெல்லாம் இதத் தனியா வெப்பாங்க” என்று வாயைத் திறந்தால் ‘அங்க’தான். நான் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறேன். தாய்மார்கள் கொழுந்து எடுக்கப் போகும்போது விட்டுவிட்டுப் போகிற கைக்குழந்தைகளுக்கு நாள் முழுதும் பருப்பும் கிழங்கும் மசித்து ஊட்டுவதுதான் என் பிழைப்பு. வீட்டுக்கு வந்தால் அங்கேயும் ஒரு ஆள் மசித்துக்கொண்டு நிற்கிறார்.

அந்த முதல் ஞாயிறு, ஒத்திகை. முதலாளிக்குச் செய்து காட்டும் முன் ஒருமுறை வீட்டில் செய்து பார்ப்பது என்று ஏற்பாடு. பஜாரில் வாங்கிவந்த காய்ந்த சிவப்புப் போஞ்சி விதை. பகல் ஏறியும் வேகாததைப் பார்த்து அவர் முதலில் விறகைக் குறை சொன்னார். தேயிலையைக் கவாத்து வெட்டிப் போட்ட குச்சியைத்தான் நாங்கள் எரிக்கிறோம், மிலாறு என்போம். அது பரபரவென்று எரிந்து அடங்கிவிடுமாம். பிறகு சட்டி சரியில்லை என்றார். பிறகு தண்ணீர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் துணியை உள்கொடியில் போட்டேன். என்னென்ன சொல்லலாம் என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவர் ஒரு காரியம் செய்தார். அரைவேக்காட்டு விதையை அள்ளிக்கொண்டு போய் அம்மியில் வைத்து அரைத்தார். உரலில் போட்டு இடித்தார் என்றாலும் பொருந்தும், அப்படி ஒரு சத்தம். பிறகு எண்ணெயில் வெங்காயத்தையும் பூண்டையும் சின்னச்சீரகத்தையும் தாளித்து அதில் கொட்டி வதக்கினார். உண்மையைச் சொன்னால் வாசனை தூக்கியது. நானே ரொட்டிக்கு மாப் பிசைந்தேன்.

எங்கள் லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. மேலே திறந்து கிடக்கும். ஒரு வீட்டில் பிள்ளை தும்மினால் அடுத்த வீட்டில் “நூறு வயசு” என்பார்கள். தாளிக்கிற வாசனையும் அப்படியே போகும். அதனால் புதிதாக எது செய்தாலும் இரண்டு பக்கத்துக் காம்பராவுக்கும் ஒரு கிண்ணம் போய்விட வேண்டும், அது முறை. போன கிண்ணம் வெறுமையாகத் திரும்பி வராது, அதுவும் முறை. ஒரு பிடி சீனியாவது, இரண்டு பச்சை மிளகாயாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். வலப்பக்கத்து மதினி வீட்டுக்குப் போகிற கிண்ணம் பெரும்பாலும் மீன் குழம்போடு திரும்பும்.

மதினி என்று கூப்பிடுகிறேனே தவிர சொந்தம் இல்லை. அவர் என் வீட்டுக்காரரைத் தம்பி என்று கூப்பிடுவதால் எனக்கு மதினி. தனி மனுஷி. கொழுந்து எடுக்கிறார். அவர் கையால் வைத்த மீன் குழம்பு இந்த லயத்துக்கே பெருமை, அந்தப் பெருமையை எங்களைவிட அவரே அதிகம் சொல்வார். “எங் கொழம்பத் தின்னுட்டு ஒருத்தரும் இன்னைக்கி வரைக்கும் மூஞ்சியச் சுளிச்சதில்ல” என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை.

அன்று இரண்டு பக்கமும் கிண்ணம் போனது. மதினி வாசலிலேயே நின்று ரொட்டியால் வழித்துத் தின்றார்.

“நல்லாத்தான் இருக்கு தம்பி. நடுவுல நறுக்குநறுக்குன்னு கடிபடுதே, அது என்ன?”

“அது அப்பிடித்தான் இருக்கும்க்கா,” என்றார் இவர், கொஞ்சமும் கூசாமல்.

பின்நேரத் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுகிற நேரத்தில் முதலில் மதினி கொல்லைப்பக்கம் ஓடினார். பிறகு இடப்பக்கத்து வீட்டுப் புருசன் பெண்சாதி இரண்டு பேரும். பிறகு நான். எங்கள் லயத்துக்குப் பின்னால் கக்கூசுகள் வரிசையாக இருக்கின்றன. அன்று அந்த வரிசை போதவில்லை. வாந்தியும் வயிற்றுவலியுமாக ஒருவரை ஒருவர் பார்த்து முனகிக்கொண்டு நின்றோம். எங்கள் எல்லோரையும்விட அதிகமாகத் தின்றவர் என் வீட்டுக்காரர்தான். அவருக்கு ஒரு ஏப்பம்கூட வரவில்லை. எனக்கு வயிற்றுவலியைவிட அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் காலைப் பெரட்டில் ஆட்கணக்கு எடுத்தபோது எங்கள் லயத்து ஆட்கள் நிற்கவில்லை. கங்காணி விசாரித்திருக்கிறார். போஞ்சி கதை அங்கேயே முளைத்து, மலைக்குப் போய், மலையிலிருந்து தேயிலை ஸ்டோருக்குப் போய், பின்நேர பஸ்ஸில் ஏறி ஹட்டனுக்கும் போய்விட்டது. ஒரு வீட்டில் வயிற்றுப்போக்கு என்று கிளம்பியது, பஸ் இறங்குவதற்குள் லயமே படுத்துவிட்டது என்று ஆகியிருந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான் எங்களுடையது.

அன்று பின்நேரம் மதினி கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தார். கழுவித் துடைத்து, வாசற்படியில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார். உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் கிண்ணம். நான் கல்யாணம் கட்டி இந்த லயத்துக்கு வந்ததிலிருந்து அந்த வீட்டிலிருந்து வெறும் கிண்ணம் வந்ததில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு சுட்டிருக்காது.

வயிறு கொஞ்சம் அடங்கியதும் என் வீட்டுக்காரரை உட்காரவைத்துக் கேட்டேன்.

“விதைய ஊறவெச்சீங்களா?”

“கழுவினேன்.”

“கழுவுனத நான் கேக்கல. ஊறவெச்சீங்களா?”

“அங்க யாரும் ஊறவெக்கறத நான் பாக்கல.”

“தக்காளிய எப்பப் போட்டீங்க?”

“மொதல்லயே. உப்பும் எலுமிச்சம்புளியும் அப்பவே போட்டாத்தான் உள்ள ஏறும்.”

அரைவேக்காட்டுச் சிவப்புப் போஞ்சி வயிற்றைக் கிழித்துவிடாதா? புளிப்பு விழுந்தால் பருப்பே வேகாது. அது ஏட்டில் படிக்க வேண்டிய சங்கதியா? அதிலும் இந்த மலை உயரத்தில். கொழும்பில் ஒரு கொதியில் வேகிற கடலை இங்கே அரை நாள் கிடக்கும். இங்கே தண்ணீர் சத்தம் போட்டுக் கொதிக்குமே தவிர வேலை செய்யாது, சில ஆட்களைப் போல.

“அப்ப அங்க ஏழு வருசமா எப்பிடித்தாங்க வேக வெச்சீங்க?”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அங்க டின்ல வரும். வெந்துதான் வரும். நாங்க தொறந்து கொட்டுவோம்.”

ஏழு வருடம். ஏழு வருடமாக இந்த மனுஷன் டின் திறந்திருக்கிறார். அதை வைத்துக்கொண்டு என் விறகைக் குறை சொன்னார், என் சட்டியைக் குறை சொன்னார், இந்த மலையின் தண்ணீரைக் குறை சொன்னார். அப்போது நான் என்ன கத்தினேன் என்பது முழுதாக நினைவில்லை. லயத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும், அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். கடைசியாகச் சொன்னது மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

“போங்க. கத்தாருக்கே போங்க. எங் குசினியாவது தப்பிக்கும்.”

அவர் எழுந்து வெளியே போய், தண்ணீர்ப் பீலியடியில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏஜென்சிக்காரனுக்குத்தான் எடுக்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும். எடுக்க வேண்டாம் என்று கூப்பிட வாய் வரவில்லை. பாத்திரத்தைத்தான் ஓங்கி வைத்தேன். அது அவருக்கு எப்படிப் புரியும்? ‘போ’ என்று சொன்ன வாயும் நானும் அந்த நேரத்தில் ஒரே கட்சியில் இல்லை என்று சட்டி போட்ட சத்தத்தில் யாருக்காவது விளங்குமா?

அந்த வாரம் முழுதும் வீட்டில் பேச்சு இல்லை. அவர் என் போத்தல்களையெல்லாம் பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்தார். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு ஆள் புறப்படுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒதுங்கவைப்பது போல இருந்தது.

சனிக்கிழமை பின்நேரம் நான் மதினி வீட்டு வாசலில் போய் நின்றேன். மதினியிடம் ஒரு பிரஷர் குக்கர் இருக்கிறது. கொழும்பில் வேலை செய்கிற மகள் வாங்கிக் கொடுத்தது. விசிலுக்குப் பயந்து அவர் அதை ஒருநாளும் அடுப்பில் ஏற்றியதில்லை. பெட்டியோடு அலுமாரிக்கு மேலே வைத்து, மேலே ஒரு பூத்துணி விரித்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். யாருக்கும் இரவல் கொடுத்ததில்லை. தோட்டத்துத் திருவிழாவுக்குக் கேட்டபோதே இல்லை என்று சொன்னவர். நான் வெறுங்கையோடு போகக் கூடாது என்று கிண்ணத்தில் கொஞ்சம் அவல் போட்டுக்கொண்டு போனேன்.

“எதுக்கு வந்த?” என்றார் மதினி.

“குக்கர் ஒரு நாளைக்கி வேணும் மதினி.”

“எதுக்கு? போன வாரம் தப்பிச்சவங்களையும் போட்டுத் தள்றதுக்கா?”

நான் அவல் கிண்ணத்தை நீட்டினேன். அவர் திட்டினார். என்னைத் திட்டினார், தம்பியைத் திட்டினார், போஞ்சியைத் திட்டினார், மெக்சிக்கோ எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் அந்த நாட்டையும் திட்டினார். திட்டிக்கொண்டே முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். பெட்டியை இறக்கினார். முந்தானையால் தூசியைத் துடைத்தார்.

“ஒன் புருசன் கை இதுல படக் கூடாது. பட்டுச்சுன்னு தெரிஞ்சுது, அவ்வளவுதான்.”

அன்று சாயங்காலமே விதையைக் கொதிநீர் ஊற்றி ஊறவைத்தேன். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் வைத்துக் குக்கரை நான்தான் ஏற்றினேன். உப்பில்லை, புளியில்லை, ஒன்றுமில்லை. விசில் அடித்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் மதினி “ஐயோ” என்றார். ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு “ஐயோ” வந்தது. ஆவி அடங்கித் திறந்து ஒரு விதையை எடுத்து நசுக்கினேன். விரலுக்கு நடுவே அது வெண்ணெய் மாதிரிக் குழைந்து போனது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆவி பட்டதால் என்று அவரிடம் சொன்னேன்.

மிச்சத்தை அவரிடம் விட்டேன். வெங்காயம் தாளித்து, விதையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, வெந்த தண்ணீரை விட்டு விட்டு மத்தால் மசித்து, ஓரம் லேசாகக் கருகக் கருகப் புரட்டினார். கடைசியில்தான் உப்பும் புளியும். அந்த வேலையை அவர் செய்கிற அழகைப் பார்க்கத்தான் வேண்டும். அவருக்கு வராதது வேகவைப்பது மட்டும்தான். அதற்கு அப்புறம் உள்ளதெல்லாம் கையிலேயே இருந்தது. ரொட்டியை நான் மெல்லிசாகத் தட்டிக் கொடுத்தேன். ஒரு வாரமாகப் பேசாமல் இருந்தவர்கள், அடுப்படியில் ஒருவர் கைக்கு ஒருவர் எடுத்துக்கொடுத்துக்கொண்டு நின்றோம்.

முதலாளி மழையோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். வயதானவர், தொப்பி போட்டிருந்தார், குடையை வாசலிலேயே மடக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தார். நாங்கள் கொடுத்த கதிரையில் உட்கார்ந்தார். பிளேன்டீயை வாங்கிக் குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார், ரோட்டைப் பற்றிப் பேசினார். முன்னால் வைத்த தட்டைத் தொடவில்லை. ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது.

“சாப்பிடுங்க மொதலாளி,” என்றார் இவர்.

“வாற வழியில நல்லாச் சாப்பிட்டுட்டன் தம்பி.”

“ஒரு வாய் பாருங்களேன்.”

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். நல்ல மனுஷன், சொல்லவும் முடியாமல் சொல்லாமல் இருக்கவும் முடியாமல் தவித்தார்.

“தப்பா நெனைக்க வாணாம் தம்பி. போன கிழம இந்தச் சாப்பாட்டச் சாப்பிட்டு லயத்துல எல்லாருக்கும் சொகமில்லாமப் போச்சிண்டு கடையில பேசிக்கொண்டாங்க. எனக்குச் சீனி வருத்தமும் ஈக்கி. நாளைக்கி விடுதிக்கி வாற வெளிநாட்டுப் புள்ளைகளுக்கு ஒண்டு ஆயிட்டா நான் என்ன செய்ற?”

என் வீட்டுக்காரர் அப்படியே நின்றார். பொய் சொல்லத் தெரியாத ஆள். முகத்திலேயே எல்லாம் இருந்தது. நான் தட்டை முதலாளிக்குக் கொஞ்சம் கிட்டத் தள்ளி வைத்தேன். முடிந்தது என்று நினைத்தேன். இவ்வளவும் செய்து, விதையும் வெந்து, வெந்த விதையைத் தொட ஆள் இல்லாமல் எல்லாம் முடிந்தது. எனக்குக் கதையைச் சுமந்துபோன அந்த பஸ்ஸின்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை.

அப்போது மதினி உள்ளே வந்தார். குக்கரை எடுத்துப்போக வந்தவர் போல வந்து, நேராக முதலாளிக்கு முன்னால் போய் நின்றார்.

“அன்னைக்கிப் படுத்தது நாந்தானுங்க. பக்கத்துக் காம்பரா.”

“அப்ப உண்மதானே?”

“படுத்தது உண்மதான். அது இந்தப் போஞ்சியால இல்லைங்க. மொத நாளு மிஞ்சுன மீன் கொழம்பச் சுடவெச்சு நானும் தின்னு, இந்த ரெண்டு வீட்டுக்கும் குடுத்தேன். கெட்டுப்போனது தெரியாமப் போச்சு. எங் கொழம்பு செஞ்ச வேல அது. தம்பி மேல பழி விழுந்துருச்சு.”

சொல்லிவிட்டு முதலாளியின் தட்டிலிருந்தே ஒரு சுருட்டிய ரொட்டியை எடுத்து, பாதியைக் கடித்து, நின்றபடியே மென்று விழுங்கினார். மறு பாதியையும் விழுங்கினார். அன்று கொல்லைப்பக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற மனுஷி, அதே சாப்பாட்டை ஒரு முகமாற்றமும் இல்லாமல் தின்று முடித்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்தார்.

முதலாளி கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார். பிறகு “பிஸ்மில்லா” என்று மெதுவாகச் சொல்லி ஒரு ரொட்டியை எடுத்தார். ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய் வைத்தார். தட்டு காலியாகிவிட்டது.

“நல்லா ஈக்கி தம்பி,” என்றார். “டின் சாமான் மாதிரி இல்ல. வார வெள்ளிக்கிழமையே வந்துடுங்க. சீசனுக்கு முன்னால சமையல்காரங்களுக்கும் காட்டிக் குடுக்க ஏலும்.” கை கழுவி எழுந்தவர் வாசலில் நின்று மதினியிடம் திரும்பினார். “தங்கச்சி, மீன் விசயத்துல கவனமா இருங்க.”

“சரிங்க மொதலாளி,” என்றார் மதினி தலையைக் குனிந்துகொண்டு.

ஆட்டோ போகும்வரை காத்திருந்தேன். பிறகு என் கோபம் முழுவதும் மதினிமேல் திரும்பியது. நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் எனக்குச் சண்டைதான் வந்தது.

“என்ன மதினி வேல இது? நாளைக்கி அவரு கடையில சொல்வாரு. நாளன்னைக்கி தோட்டம் முழுக்கத் தெரியும். ஒங்க கொழம்ப இனிமே யாரு தின்னுவா? ஒரு வாரமா மூஞ்சி குடுத்துப் பேசல, வெறுங் கிண்ணத்தக் கொண்டாந்து வெச்சீங்க. இப்ப எதுக்கு இப்பிடி ஒரு பொய்ய இழுத்துத் தலையில போட்டுக்கிட்டீங்க?”

மதினி குக்கரின் மூடியைக் கழற்றி, ரப்பர் வளையத்தைத் துடைத்து, மறுபடி மாட்டினார். அவசரப்படவில்லை.

“இவ ஒருத்தி. தம்பியப் போ போன்னு நீ கத்துனதும் எனக்குக் கேட்டுச்சு. ஏழு வருசமா அவன் போனக் கீழ வெச்சதுக்கு அப்புறம், யாரும் இல்லாத வீட்டுல நீ அவங்கூடப் பேசிக்கிட்டு இருப்பியே, வந்துருங்க வந்துருங்கன்னு, அதுவும் எனக்குத்தான் கேட்டுச்சு. இந்தச் சுவத்துக்கு மேல தொறந்துதானே கெடக்கு? தெனமும் அதக் கேட்டுக்கிட்டுத் தூங்குறதுக்குப் பதிலா, கொழம்பு நல்லால்லன்னு நாலு பேரு சொல்றதக் கேட்டுக்கலாம்.”

குக்கரைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் காம்பரா நடுவில் நின்றேன். என் வீட்டுக்காரர் குசினியில் இருந்தார். இந்தப் பேச்சு அவ்வளவும் அவருக்கும் கேட்டிருக்கும். கேட்காமல் இருக்க இந்த வீட்டில் இடம் ஏது? அவர் வெளியே வரவில்லை. வந்திருந்தால் நான் எங்கே பார்த்திருப்பேன் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு அது நின்றது. அவர் போனில் பேசினார், ரொம்பச் சுருக்கமாக. “இல்லீங்க, நான் வரல. இல்லீங்க, முடிவுதான்.” அவ்வளவுதான்.

மதினி வீட்டுக்குக் கிண்ணம் நிறையப் போஞ்சி அனுப்ப வேண்டும் என்று குசினிக்குள் போனேன். என் கிண்ணங்கள் இருந்த இடத்தில் கிண்ணங்கள் இல்லை. அங்கே வெங்காயக் கூடை இருந்தது.

“எங்கங்க கிண்ணம்?”

“மேல வெச்சுருக்கேன். அங்கயெல்லாம் கிண்ணத்தக் கீழ வெக்க மாட்டாங்க.”

“அங்க வெக்க மாட்டாங்கன்னா அங்க போய் வெச்சுக்கிட்டு இருக்கணும். இங்க இருக்கறதுன்னா என் கிண்ணம் கீழதான் இருக்கும், சொல்லிட்டேன்!”

சுவருக்கு அந்தப் பக்கம் மதினி சிரிப்பது கேட்டது.